டயல்-அப் அணுகல் சர்வர்: மென்பொருளும் வரலாறும்

டயல்-அப் அணுகல் சர்வர் என்பது ஒரு பக்கம் தொலைபேசி இணைப்புகளும் மறுபக்கம் கணினி வலையமைப்பும் பொருத்தப்பட்ட பெட்டி. வீட்டிலிருந்தோ கிளை அலுவலகத்திலிருந்தோ மோடம் மூலம் கூப்பிடுபவரின் அழைப்பை எடுப்பது, ஆள் யாரென்று விசாரிப்பது, ஐ.பி. முகவரி கொடுப்பது, அனுமதித்ததை மட்டும் செய்யவிடுவது, இணைப்பு அறுந்ததும் எத்தனை நொடி இருந்தார் என்று கணக்கு எழுதுவது ஆகியவை இதன் வேலைகள். டெர்மினல் சர்வர், ரிமோட் ஆக்சஸ் சர்வர், நெட்வொர்க் ஆக்சஸ் சர்வர் என்று காலத்துக்கும் கம்பெனிக்கும் ஏற்பப் பெயர் மாறியது; தொழிலில் இருந்தவர்கள் சுருக்கமாக ‘நாஸ்’ என்றார்கள். லிவிங்ஸ்டன் போர்ட்மாஸ்டர், அசெண்ட் மேக்ஸ், யு.எஸ். ரோபாட்டிக்ஸ் டோட்டல் கன்ட்ரோல், ஷிவா லேன்ரோவர், சைலாஜிக்ஸ் அனெக்ஸ், சிஸ்கோ ஏ.எஸ். 5200 ஆகியவை 1990களில் இந்த வகையில் பெயர் பெற்றவை.

மோடம் எழுப்பும் கரகரப்பு எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அந்தச் சத்தத்தின் மறுமுனையில் ஓடிய மென்பொருளைப் பற்றிய பேச்சு குறைவு. நொடிக்கு 2400 பிட்டிலிருந்து 56,000 பிட்டுக்கு வேகம் ஏறியது பெரிய மாற்றம்தான். ஆனால் அதைவிட நீண்டகாலம் நின்றது வேறொன்று: பெட்டியின் மென்பொருள் தன் கையில் இருந்த முடிவுகளை ஒவ்வொன்றாக வெளியில் இருந்த கணினிகளிடம் ஒப்படைத்தது. லிவிங்ஸ்டன் நிறுவனத்தின் போர்ட்மாஸ்டரையும் அதன் இயக்க மென்பொருளான காம்ஓ.எஸ்.ஸையும் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அந்த மாற்றத்தைப் பின்தொடர்கிறது.

முன்னோடிகள்

இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் சொந்தக் கணினி இல்லாத இடங்களுக்கும் இணைப்பு தருவதற்காக பி.பி.என். நிறுவனம் 1971இல் ‘டிப்’ என்ற கருவியை வைத்தது. ஹனிவெல் 316 கணினியில் ஓடிய அது 63 டெர்மினல்கள் வரை தாங்கும். தொலைபேசியில் கூப்பிட்டால் டிப் எடுக்கும். எந்தக் கணினிக்குப் போக வேண்டும் என்று சொன்னால் போதும். நீங்கள் யார் என்று அது கேட்காது. அந்தக் கேள்வியை அடுத்த முனையில் இருக்கும் கணினி கேட்டுக்கொள்ளட்டும் என்பது அன்றைய ஏற்பாடு. தொலைபேசி எண் தெரிந்த எவரும் வலையமைப்புக்குள் நுழைந்துவிடலாம் என்பது பிறகுதான் உறைத்தது.

அமெரிக்க ராணுவத்தின் மில்நெட் அர்பாநெட்டிலிருந்து தனியாகப் பிரிந்தபின் இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் டகாக்ஸ். இணைய நெறிமுறைகளைப் பதிவுசெய்யும் ஆவண வரிசையில் 1984 டிசம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 927 அதைக் குறிப்பிடுகிறது. அழைப்பவரின் பெயரையும் கடவுச்சொல்லையும் பெட்டி வாங்கி, மையத்தில் இருக்கும் கணினியிடம் கேட்டுச் சரிபார்க்கும். ‘கேட்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர்’ என்ற பிரிவினையின் முதல் வடிவம் இது. சிஸ்கோ இதை எடுத்து விரித்துப் பின்னாளில் டகாக்ஸ்-பிளஸ் ஆக்கியது.

1980களின் டெர்மினல் சர்வர்கள் இன்னும் எளிமையானவை. பல்கலைக்கழகத்தில் முப்பது டெர்மினல் இருக்கும், யூனிக்ஸ் கணினி ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒவ்வொரு டெர்மினலுக்கும் தனிக் கம்பி இழுப்பதற்குப் பதில் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் செருகி, பெட்டியிலிருந்து ஈதர்நெட்டில் ஒரே கம்பி போட்டார்கள். அந்த சீரியல் போர்ட்டில் டெர்மினலுக்குப் பதிலாக மோடத்தைச் செருகியதும் அதே பெட்டி டயல்-அப் சர்வராகிவிட்டது. லிவிங்ஸ்டனின் போர்ட்மாஸ்டர் 2 இந்தப் பரம்பரையில் வந்தது. முப்பது சீரியல் போர்ட், முப்பது கேபிள், அலமாரியில் வரிசையாக முப்பது மோடம், அவற்றுக்கு முப்பது அடாப்டர். ஆரம்பகால இணையச் சேவை நிறுவனங்கள் பலவற்றின் அறை இப்படித்தான் இருந்தது.

ஸ்லிப்பும் பி.பி.பி.யும்

டெர்மினல் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் எழுத்துகளைக் கடத்தினால் போதும். வீட்டுக் கணினியே இணையத்தின் உறுப்பாக வேண்டும் என்றபோது ஐ.பி. பாக்கெட்டைத் தொலைபேசி வழியே அனுப்ப ஒரு முறை தேவைப்பட்டது. முதலில் வந்த ஸ்லிப், 1988 ஜூனில் ஆர்.எஃப்.சி. 1055 ஆகப் பதிவானது. பாக்கெட் முடிந்ததைக் காட்ட 192 என்ற பைட், பாக்கெட்டுக்குள்ளேயே அந்த எண் வந்தால் மறைத்து அனுப்ப 219 என்ற பைட், ஏறக்குறைய அவ்வளவுதான். முகவரி கேட்கும் வசதியில்லை, பிழை பார்க்கும் வசதியில்லை. தன் ஐ.பி. முகவரியை ஒரு காகிதத்தில் எழுதிவைத்துக்கொண்டு பயனர்தான் தட்ட வேண்டும்.

ஐ.பி.யும் டி.சி.பி.யும் சேர்ந்து ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் 40 பைட் சுமையை ஏற்றின. டெல்நெட்டில் ஒரு எழுத்தைத் தட்டினால் 41 பைட் போகும். 2400 பிட் மோடத்தில் நொடிக்குச் சுமார் 240 பைட் என்றால், ஓர் எழுத்து போய்ச்சேரவே ஆறில் ஒரு பங்கு நொடி. வான் ஜேகப்சன் 1990இல் ஆர்.எஃப்.சி. 1144இல் தந்த தீர்வு, அந்த 40 பைட்டை 3, 4 பைட்டாகச் சுருக்கியது. தொடர்ந்து வரும் பாக்கெட்டுகளின் தலைப்பில் பெரும்பகுதி மாறுவதில்லை. மாறியதை மட்டும் அனுப்பலாம் என்பது கருத்து. இதற்கு சர்வர் ஒவ்வொரு இணைப்பின் முந்தைய தலைப்பையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். மெமரி கிலோபைட்டில் அளக்கப்பட்ட காலத்தில் முப்பது போர்ட்டுக்கும் அதைச் செய்வது லேசான காரியமல்ல.

1989இல் தொடங்கிப் பல முறை திருத்தப்பட்டு, 1994 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 1661 ஆக நிலைபெற்ற பி.பி.பி., ஸ்லிப்பை ஓரங்கட்டியது. இரு முனைகளும் முதலில் பேரம் பேசிக்கொள்வது அதன் உயிர்நாடி. ‘இது வேண்டும்’ என்று ஒன்று கேட்க, மற்றது ‘சரி’ என்கிறது, அல்லது ‘இதற்குப் பதில் அதை எடுத்துக்கொள்’ என்கிறது, அல்லது ‘எனக்கு அது தெரியாது’ என்கிறது. ஐ.பி. முகவரி கிடைப்பதும் இப்படித்தான்: வாடிக்கையாளர் கணினி 0.0.0.0 என்று கேட்கும். சர்வர் அதை மறுத்து, மறுப்பிலேயே சரியான முகவரியை எழுதி அனுப்பும். டி.என்.எஸ். முகவரியையும் இதே வழியில் கொடுக்கும் விரிவை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. அது 1995 டிசம்பரில் ஆர்.எஃப்.சி. 1877 ஆனது. கையால் எண்களைத் தட்டும் வேலை அத்தோடு பெரும்பாலும் ஒழிந்தது.

ஓர் அழைப்பின் முதல் அரை நிமிடம்

போர்ட்மாஸ்டர் 2 போன்ற ஒரு பெட்டியில் அழைப்பு வந்தால் நடப்பது இது. மோடம் மணியடிப்பதை உணர்ந்து எடுக்கிறது. இரு மோடங்களும் கத்தி முடித்து ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்கின்றன. கேரியர் கிடைத்ததற்கான மின்குறி சீரியல் கேபிளின் ஒரு கம்பியில் உயர்ந்ததும் காம்ஓ.எஸ். அந்தப் போர்ட்டில் லாகின் கேட்டு ஒரு வரி அச்சிடுகிறது.

இந்த ஒரு வரியைச் சுற்றி ஒரு சிறு உலகமே இருந்தது. விண்டோஸ் 95 வருவதற்கு முன், டாஸ்மேனியாக்காரரான பீட்டர் டாட்டம் எழுதிய டிரம்பெட் வின்சாக்தான் பெரும்பாலோர் கையில் இருந்தது. அதில் லாகின் வேலையை ஒரு ஸ்கிரிப்ட் செய்யும்: லாகின் என்ற சொல் வரும்வரை காத்திரு, வந்ததும் பெயரைத் தட்டு. சில சர்வர்கள் அந்த ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கின, சில சின்ன எழுத்தில். ஆகவே ஸ்கிரிப்ட் எழுதியவர்கள் முதல் எழுத்தையே விட்டுவிட்டு மீதியை மட்டும் தேடச் சொன்னார்கள். சேவை நிறுவனம் ஒரு நாள் அழகுக்காக அந்த வரியை மாற்றினால் அன்று முழுக்க வாடிக்கையாளர்களின் போன் ஓயாது.

பெயரிலேயே சேவையைச் சொல்லும் வழக்கமும் இருந்தது. பெயருக்கு முன்னால் ஆங்கில ‘பி’ எழுத்தைச் சேர்த்தால் பி.பி.பி., ‘எஸ்’ சேர்த்தால் ஸ்லிப், ‘சி’ சேர்த்தால் தலைப்பு சுருக்கிய ஸ்லிப். வேறு சில இடங்களில் பெயருக்குப் பின்னால் ஒட்டு. ஒரே கணக்கு, மூன்று வாசல்.

விண்டோஸ் 95 ஸ்கிரிப்டுக்குக் காத்திருக்காமல் நேராக பி.பி.பி. பேசத் தொடங்கியது. லாகின் கேட்டு நிற்கும் சர்வருக்கு 126, 255, 125, 35, 192, 33 என்ற பைட்டுகள் வந்து விழும். 126 என்பது பாக்கெட்டின் தொடக்கக் கொடி. 125 அடுத்து வருவதை மறைத்திருப்பதாகச் சொல்கிறது. 192, 33 இரண்டும் சேர்ந்தால் இது பேரம் பேசும் பாக்கெட் என்று பொருள். டெர்மினல் திரையில் இதைப் பார்த்தால் சுருள் அடைப்புக்குறிகளும் ஆச்சரியக்குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். ஆதரவு மேசையில் உட்கார்ந்தவர்கள் வாடிக்கையாளர் ‘ஏதோ குப்பை வருகிறது’ என்றாலே மறுமுனை பி.பி.பி.க்குத் தயார் என்று புரிந்துகொள்வார்கள். அந்தப் பைட் வரிசையைக் கண்டதும் லாகின் வரியைக் கைவிட்டு பி.பி.பி.க்கு மாறுவதும் சர்வரின் ஒரு வசதிதான். பட்டியலில் ஒற்றை வரியாக அடங்கும் இந்த வசதி, கணினியைத் தொட்டிராத லட்சக்கணக்கான பேரை ஸ்கிரிப்ட் இல்லாமல் இணையத்துக்குள் கொண்டுவந்தது.

இனி கடவுச்சொல். பாப் முறையில் அது அப்படியே வருகிறது. சாப் முறையில் சர்வர் ஒரு தற்செயல் எண்ணைக் கொடுக்க, வாடிக்கையாளர் கணினி கடவுச்சொல்லோடு சேர்த்து எம்.டி.5 என்ற ஒருவழிக் கணக்கைப் போட்டு விடையை மட்டும் அனுப்புகிறது. கடவுச்சொல் கம்பியில் போவதே இல்லை. சாப் பாதுகாப்பானது என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் பல நிறுவனங்கள் பாப்பையே வைத்துக்கொண்டன. காரணம், சாப் விடையைச் சரிபார்க்க மையக் கணினியில் கடவுச்சொல் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். யூனிக்ஸ் கடவுச்சொல் கோப்பிலோ திரும்பப் பெற முடியாத மறைவடிவம் மட்டுமே உண்டு. தொலைபேசிக் கம்பியில் யாராவது ஒட்டுக்கேட்பதா, மையக் கணினியில் எல்லாருடைய கடவுச்சொல்லும் திறந்து கிடப்பதா, எது பெரிய ஆபத்து? பாப்பை வைத்துக்கொண்டவர்களைக் குறை சொல்ல முடியாது.

ரேடியஸ்

ஒரு பெட்டி இருந்தவரை பயனர் பட்டியலைப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். பத்துப் பெட்டி ஆனதும் ஒரு வாடிக்கையாளர் கடவுச்சொல் மாற்றினால் பத்து இடத்தில் மாற்ற வேண்டும். மிச்சிகனைச் சேர்ந்த மெரிட் நெட்வொர்க் 1991இல் தன் டயல்-அப் சேவைகளுக்கு ஒரு பொதுவான சரிபார்ப்பு முறை கேட்டு அறிவிப்பு விட்டது. கலிபோர்னியாவின் பிளசன்டனில் இருந்த லிவிங்ஸ்டன் அதற்கு எழுதிய பதில்தான் ரேடியஸின் விதை. கார்ல் ரிக்னி, ஸ்டீவ் வில்லன்ஸ், மெரிட்டின் ஆலன் ரூபன்ஸ், வில்லியம் சிம்சன் ஆகியோர் பெயரில் 1997 ஜனவரியில் அது ஆர்.எஃப்.சி. 2058 ஆக வந்தது. கணக்கெழுதும் பகுதி 2059. இன்று நடப்பிலிருக்கும் 2865, 2866 இரண்டும் 2000 ஜூனில் வந்தவை. ஆவணம் வருமுன்னே ரேடியஸ் சர்வரின் மூல நிரலை லிவிங்ஸ்டன் இலவசமாகக் கொடுத்துவிட்டது. போட்டியாளர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். பெட்டி விற்கும் கம்பெனி தன் பெட்டியின் மூளையைத் தெருவில் வைத்துக் கொடுத்தது விற்பனைத் தந்திரமாக இருந்திருக்கலாம். எப்படியானாலும் அந்தத் துறையில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு அது.

ரேடியஸ் வேலை செய்யும் விதம் எளிது. பெட்டி, பயனர் பெயரையும் மறைத்த கடவுச்சொல்லையும் போர்ட் எண்ணையும் ஒரு யு.டி.பி. பாக்கெட்டில் வைத்து மையக் கணினிக்கு அனுப்புகிறது. கடவுச்சொல்லை மறைக்க இரு தரப்புக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லும் எம்.டி.5 கணக்கும் பயன்படுகின்றன. ஏற்பு, மறுப்பு, மேலும் ஒரு கேள்வி என மூன்று விதப் பதில்களில் ஒன்று வரும். ஏற்புப் பதிலில்தான் சூட்சுமம். ‘இவரை உள்ளே விடு’ என்பதோடு அது நிற்பதில்லை, பி.பி.பி. தா, இன்ன முகவரி தா, இன்ன வடிகட்டியைப் பொருத்து, 15 நிமிடம் சும்மா இருந்தால் துண்டி, மொத்தம் நான்கு மணி நேரத்துக்கு மேல் விடாதே என்று ஒவ்வொரு கட்டளையும் ஒரு எண் இட்ட பண்பாக அதிலேயே வருகிறது. முகவரி 255.255.255.254 என்று வந்தால், ‘நீயே உன் தொகுப்பிலிருந்து ஒன்று எடுத்துக் கொடு’ என்று பொருள். புதிய சேவை ஒன்றை விற்க வேண்டுமானால் மையத்தில் ஒரு கோப்பில் நான்கு வரி எழுதினால் போதும். பெட்டிகளைத் தொட வேண்டியதில்லை.

வளர்ச்சியில் அசிங்கங்களும் இருந்தன. முதலில் எல்லாரும் 1645, 1646 என்ற போர்ட் எண்களைப் பயன்படுத்தினார்கள். அவை ஏற்கெனவே வேறொரு சேவைக்கு ஒதுக்கப்பட்டவை என்று தெரிந்து 1812, 1813க்கு மாறினார்கள். பழைய பெட்டிகள் மாறவில்லை. ஆகவே பல ஆண்டுகள் இரண்டு எண்களிலும் காது கொடுத்துக் கிடந்தன மையக் கணினிகள். அசெண்ட் நிறுவனம் தன் வசதிகளுக்கான பண்புகளுக்கு யாரிடமும் கேட்காமல் பொது எண்வரிசையிலிருந்தே எண்களை எடுத்துக்கொண்டது. கம்பெனிக்கென்றே 26ஆம் பண்பில் தனி இடம் ஒதுக்கப்பட்ட பின்னும் அந்த மோதலைச் சமாளிக்கும் நிரல்கள் நெடுங்காலம் எழுதப்பட்டன.

கணக்குப் பகுதியில் வேறொரு தலைவலி. அழைப்பு தொடங்கும்போது ஒரு பாக்கெட், முடியும்போது நொடிக்கணக்கோடு ஒரு பாக்கெட். பெட்டிக்கு மின்சாரம் போனால் முடிவுப் பாக்கெட் வராது. மையத்தின் ஏட்டில் அந்த வாடிக்கையாளர் இன்னும் உள்ளேயே இருப்பார். ஒரு கணக்கில் ஒருவர்தான் என்று கட்டுப்பாடு வைத்திருந்தால், வீட்டில் உட்கார்ந்து திரும்பக் கூப்பிடும் அதே வாடிக்கையாளரை ‘ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்’ என்று துரத்தும். இதற்கு மாற்றாக நெதர்லாந்தில் மிகெல் வான் ஸ்மூரன்பர்க் எழுதிய சிஸ்ட்ரான் ரேடியஸிலும் பின்பு ஃப்ரீரேடியஸிலும் ஒரு துணைநிரல் சேர்ந்தது: சந்தேகம் வந்தால் பெட்டியிடமே நேரில் போய், அந்தப் போர்ட்டில் அந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வரும். முடிவெடுக்கும் அதிகாரம் மையத்துக்குப் போன பிறகும் நடப்பு நிலை பெட்டிக்கு மட்டுமே தெரிந்திருந்ததால் வந்த வினை இது.

முகவரித் தொகுப்பும் வழித்தடமும்

சந்தாதாரர் ஆயிரம் பேர் இருக்கலாம். ஒரே நேரத்தில் உள்ளே இருப்பது போர்ட்டின் எண்ணிக்கைதான். பத்துப் பேருக்கு ஒரு மோடம் என்பது தொழிலில் பரவலாக இருந்த கைக்கணக்கு. ஆகவே போர்ட்டின் எண்ணிக்கைக்குச் சமமான முகவரித் தொகுப்பைப் பெட்டியிடம் கொடுத்துவிட்டு, வருகிறவருக்கு ஒன்று, போனதும் அடுத்தவருக்கு அதே என்று சுழற்றினார்கள்.

சிக்கல் நிலையான முகவரி வாங்கிய வாடிக்கையாளரால் வந்தது. இன்று முதல் பெட்டியில் விழுவார், நாளை ஏழாவது பெட்டியில். அவர் எங்கே இருக்கிறார் என்பதை அந்தப் பெட்டி மற்ற ரவுட்டர்களுக்குச் சொல்ல வேண்டும். இதற்காகவே டயல்-அப் பெட்டி ரவுட்டிங் நெறிமுறை பேச வேண்டியதாயிற்று. முதலில் ரிப், பின்னர் காம்ஓ.எஸ். 3.5இல் ஓ.எஸ்.பி.எஃப். ஒவ்வொருவர் ஏறி இறங்கும்போதும் வலையமைப்பு முழுக்க வழி மாறிக்கொண்டே இருந்தால் ரவுட்டர்கள் மூச்சுத் திணறும். பொதுத் தொகுப்பை ஒரே வழியாகச் சுருக்கிச் சொல்லி, நிலையான முகவரிகளை மட்டும் தனித்தனியாக அறிவிப்பது நல்ல நிர்வாகியின் பழக்கம்.

எங்கேஜ் டோனும் மீட்டரும்

பயனருக்குக் கண்ணெதிரே தெரிந்த வசதி ஒன்றே ஒன்று: சும்மா இருந்தால் துண்டித்துவிடுவது. 1996 டிசம்பர் 1 முதல் அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் மணிக்கணக்கை விட்டு மாதம் 19.95 டாலருக்கு வரம்பில்லாச் சேவை கொடுத்தது. உள்ளே போனவர்கள் வெளியே வரவில்லை. கூப்பிட்டவர்களுக்கு எங்கேஜ் டோன். அடுத்த மாதமே மாநில அட்டர்னி ஜெனரல்களோடு உடன்பாடு செய்து, பணம் திருப்பித் தர வேண்டிவந்தது. அதன்பின் சும்மா இருக்கும் நேரத்தின் வரம்பு என்பது மென்பொருள் விவரத்திலிருந்து வணிகக் கொள்கையாகிவிட்டது. பயனர்கள் பதிலுக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அஞ்சல் பார்க்கும்படி நிரலை அமைத்தார்கள். சர்வர்கள் அதற்குப் பதிலாக, எந்த வகைப் பாக்கெட் நடமாட்டமாகக் கணக்கில் சேரும் என்று வடிகட்டி வைத்தன.

எல்லாப் போர்ட்டுக்கும் ஒரே தொலைபேசி எண். முதல் இணைப்பு ஓய்வாக இருந்தால் அதற்கு, இல்லையேல் அடுத்ததற்கு என்று எக்ஸ்சேஞ்ச் தள்ளிவிடும். வரிசையில் மூன்றாவது மோடம் பழுதாகி, எடுத்துவிட்டுப் பேசாமல் நின்றால் என்ன ஆகும்? அழைப்பவர் அலுத்து வைத்துவிடுவார். அந்த மோடம் உடனே மறுபடி ஓய்வாகிவிடும். அடுத்த அழைப்பும் அதற்கே போகும். முப்பதில் ஒரு மோடம் கெட்டால் முப்பதில் ஒரு அழைப்புத்தான் கெடும் என்று நினைத்தால் தவறு. நெரிசல் இல்லாத நேரத்தில் பாதிக்கு மேற்பட்ட அழைப்புகளை அந்த ஒன்றே விழுங்கும். ஒவ்வொரு அழைப்புக்குப் பின்னும் மோடத்தைப் புதிதாகத் தொடங்கவைப்பது, தொடர்ந்து தோற்கும் மோடத்தைத் தானே கண்டு விலக்குவது, எக்ஸ்சேஞ்சுக்கு அதை எங்கேஜ் என்று காட்டுவது போன்ற வசதிகளை விற்பனைத் தாளில் யாரும் பெரிய எழுத்தில் போடவில்லை. இரவுப்பணியில் இருந்தவர்கள் பெட்டியை எடைபோட்டது இவற்றால்தான்.

மோடமே மென்பொருளானது

1996இல் வந்த போர்ட்மாஸ்டர் 3இல் வெளிமோடங்கள் இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து டி1 அல்லது இ1 டிஜிட்டல் இணைப்பு நேராகப் பெட்டிக்குள் வரும். இரண்டு டி1இல் 48 அழைப்பு, இ1 என்றால் 60 வரை. மோடத்தின் வேலையை சிக்னல் சிப்புகளில் ஓடும் நிரல் செய்தது. 56 கே. வேகம் சாத்தியமானதும் இதனால்தான். தொலைபேசி வலையமைப்பு குரலை நொடிக்கு 8000 முறை அளந்து எண்ணாக்குகிறது. சர்வர் பக்கம் முழுக்க டிஜிட்டல் என்றால் அந்த எண்களையே நேராக அனுப்பலாம், ஒவ்வொன்றிலும் 7 பிட் நம்பிக்கையாகப் போகும், பெருக்கினால் 56,000. அமெரிக்காவில் மின்திறன் வரம்பு காரணமாக 53.3 கே.யோடு நின்றது. மேல்நோக்கிச் செல்வது அனலாக் என்பதால் 33.6 தான். ராக்வெல், லூசென்ட் தரப்பின் கே56ஃப்ளெக்ஸும் யு.எஸ். ரோபாட்டிக்ஸின் எக்ஸ்2-வும் ஒன்றோடொன்று பேசாத போட்டி, 1998இல் வி.90 தரத்தோடு முடிந்தது. சேவை நிறுவனங்கள் மோடத்தைத் தூக்கிப்போடாமல் புது நிரலை ஏற்றிக்கொண்டன.

ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பின் வாடிக்கையாளர்கள் தலா 64 கே. உள்ள இரண்டு தடங்களைச் சேர்த்து 128 ஆக்க விரும்பினார்கள். மல்டிலிங்க் பி.பி.பி. அதற்கு வழிசெய்தது. ஆனால் இரண்டாவது அழைப்பு வேறொரு பெட்டியில் விழுந்தால்? இரண்டு பாதித் துண்டுகள் இரண்டு பெட்டியில் கிடக்கும். பெட்டிகள் தமக்குள் பேசிக்கொண்டு, முதல் அழைப்பு யாரிடம் இருக்கிறதோ அவருக்கே துண்டுகளை ஈதர்நெட் வழியாகக் கடத்த வேண்டியிருந்தது. அசெண்ட், லிவிங்ஸ்டன், சிஸ்கோ மூவரும் இதற்கு மூன்று வழி கண்டார்கள். ஒருவருடையது இன்னொருவருக்குப் புரியாது.

இந்தியாவில்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பம்பாய், டெல்லி, கல்கத்தா, மதராஸ் நகரங்களில் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்தது. அங்கே விற்கப்பட்ட இரண்டு கணக்கு வகைகள், அணுகல் சர்வரின் இரண்டு பழைய முகங்களையே விலைப்பட்டியலில் காட்டின. ஷெல் கணக்கு என்றால் பெட்டி உங்களை ஒரு யூனிக்ஸ் கணினியில் லாகின் செய்துவிட்டு ஒதுங்கும். எழுத்து மட்டும், படம் கிடையாது. டி.சி.பி./ஐ.பி. கணக்கு என்றால் உங்களுக்கே முகவரி, படத்தோடு வலை. மாணவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது ஷெல். ரேடியஸ் மொழியில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 6ஆம் பண்பில் ஓர் எண்: 1 என்றால் லாகின், 2 என்றால் பி.பி.பி. போன்ற பாக்கெட் சேவை.

ஷெல் கணக்கை ஐ.பி. கணக்காக்கும் குறுக்கு வழிகளும் உலகெங்கும் உண்டாயின. 1995இல் வந்த ஸ்லர்ப் என்ற நிரலை யூனிக்ஸ் பக்கம் ஓடவிட்டால் அது வீட்டுக் கணினியோடு ஸ்லிப் பேசி, வெளியுலகுக்குத் தன் பெயரில் இணைப்பு எடுத்துக்கொடுக்கும். சர்வர் மறுத்ததைப் பயனர் தானே எடுத்துக்கொண்டது அது. அந்த நிரலின் வழித்தோன்றல் இன்று கியூஎமு என்ற மெய்நிகர் கணினி மென்பொருளுக்குப் பயன்படுகிறது.

1998 நவம்பரில் தனியார் இணையச் சேவைக்கு அனுமதி வந்தபின் நகரங்களில் அணுகல் சர்வர்கள் பெருகின.

மொத்த விற்பனையும் சுரங்கங்களும்

கடைசிக் கைமாற்றம் பெட்டியையே ஒரு வாடகைப் பொருளாக்கியது. பயனர் தன் பெயருக்குப் பின்னால் நிறுவனத்தின் பெயரைச் சேர்த்தால், பெட்டியின் ரேடியஸ் சர்வர் அந்தக் கேள்வியை அந்த நிறுவனத்தின் ரேடியஸ் சர்வருக்குக் கடத்தும். வெளியூரில் உள்ளூர் எண்ணைக் கூப்பிட்டுத் தன் ஊர்க் கணக்கில் நுழைய முடிந்தது இப்படித்தான். இன்னும் ஒரு படி மேலே போய், பி.பி.பி. பேச்சையே முழுதாகச் சுருட்டி இன்னொரு இடத்துக்கு அனுப்ப பி.பி.டி.பி., சிஸ்கோவின் எல்2எஃப், இரண்டும் இணைந்த எல்2டி.பி. வந்தன, கடைசியது 1999 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 2661. அழைப்பை எடுக்கும் பெட்டி ஒரு கம்பெனியுடையது, முகவரி தருவது இன்னொன்று, பில் போடுவது மூன்றாவது. மோடம் வைத்திருந்த பெட்டிக்கு மிஞ்சியது கத்துவதும் கடத்துவதும்தான்.

லிவிங்ஸ்டனை லூசென்ட் 1997இல் சுமார் 65 கோடி டாலருக்கு வாங்கியது. 1999இல் அசெண்டையும் வாங்கியது. ஒரே வீட்டில் இரண்டு போட்டிப் பெட்டிகள் நெடுநாள் இருக்க இடமில்லை; போர்ட்மாஸ்டர் வரிசை நிறுத்தப்பட்டது. யு.எஸ். ரோபாட்டிக்ஸ் 1997இல் 3காமுக்குப் போனது, ஷிவா 1999இல் இன்டெலுக்கு. அகலப்பட்டை வந்துகொண்டிருந்தது, யாரும் பெரிதாக வருந்தவில்லை.

பின்வந்தவை

டயல்-அப் தேய்ந்தது, மென்பொருள் தேயவில்லை. ஈதர்நெட்டின் மேல் பி.பி.பி. பேசும் பி.பி.பி.ஓ.இ. 1999 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 2516 ஆக வந்தது. டி.எஸ்.எல். சேவைகள் அதை எடுத்துக்கொண்டன. கண்ணாடியிழை இணைப்பில் வரும் ரவுட்டரிலும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது, பின்னணியில் அதே பேரம் நடக்கிறது. அலுவலக, கல்லூரி வைஃபையில் 802.1எக்ஸ் முறையில் நுழையும்போது கேள்வி போவது ரேடியஸ் சர்வருக்கே. உலகப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் எடுரோம், 1990களின் பெயர்-கடத்தும் ஏற்பாட்டின் மேல் நிற்கிறது. ரேடியஸுக்கு மாற்றாக 2003இல் வந்த டயாமீட்டர் செல்பேசி வலையமைப்புகளில் இடம்பிடித்தது. மற்ற இடங்களில் ரேடியஸை அசைக்க முடியவில்லை. அமெரிக்கா ஆன்லைன் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்தியது.

பழைய சொத்தோடு பழைய கடனும் வந்தது. ஏற்புப் பதில் உண்மையானதா என்று பார்க்க லிவிங்ஸ்டன் காலத்தில் வைத்த எம்.டி.5 கணக்கை வைத்தே, நடுவில் நிற்பவர் மறுப்பை ஏற்பாக மாற்றிவிடலாம் என்று 2024 ஜூலையில் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ‘பிளாஸ்ட்-ரேடியஸ்’ என்று அதற்குப் பெயர். எல்லாப் பாக்கெட்டிலும் 80ஆம் பண்பான செய்திச் சான்றைக் கட்டாயமாக்குவது உடனடி மருந்து. அந்தப் பண்பு 2000ஆம் ஆண்டிலிருந்தே விதியில் இருந்தது. சாதாரணக் கடவுச்சொல் விசாரணைக்கு அது விருப்பத் தேர்வாகவே விடப்பட்டிருந்தது.